பதினான்காவது பத்தி

தம்பு செட்டி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
என் ரெமிங்டன்.
பக்கத்துக்கு மூன்று ரூபாய்,
கார்பன் நகலுக்குத் தனியாக ஐம்பது காசு.

அமலோற்பவம் வக்கீலம்மா அவனைக் கூட்டி வந்தார்.
வெளித்துறைமுகத்தில் ஹைகோர்ட் கட்டிப்போட்ட கப்பலின்
மூன்றாம் எஞ்சினியர்,
பிலிப்பைன்ஸ்காரன். ரொடெல் மக்பனுவா.
இருமுறை எழுத்துக்கூட்டச் சொன்னேன்.
மூன்றாம் முறை அவனே குனிந்து
விசைகளைத் தொட்டுக் காட்டினான்.
நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

பதினோரு மாதச் சம்பளம் பாக்கி.
முதலாளி எந்த நாட்டில் ஒளிந்திருக்கிறான் என்று
கப்பலுக்கே தெரியாது.
அரிசி தீர்ந்த தேதி,
டீசல் தீர்ந்த தேதி,
தார்ப்பாயில் மழை பிடித்துக் குடித்த தேதி;
எல்லாவற்றையும் பத்தி பத்தியாக அடித்தேன்.
மனுவுக்கு அழத் தெரியாது,
எண் போட்டால்தான் வாய் திறக்கும்.

பதினான்காவதில் அவன் சொன்னான்:
நான் இன்னும் பார்க்காத என் மகளுக்கு
இந்நேரம் பல் முளைத்திருக்கும்.
அடித்தும் விட்டேன்.
"வழக்குக்குச் சம்பந்தமில்லை" என்றார் வக்கீலம்மா,
முகத்தை பீரோ பக்கம் திருப்பிக்கொண்டு.
அந்த வரியின் மேல்
எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று ஓட்டினேன்.
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்,
ஒரு எக்ஸ் விடாமல்.

வாய்தா வாய்தாவாக என் பெஞ்சில்தான் உட்கார்ந்தான்.
எது சம்பந்தம், எது இல்லை,
யார் முடிவு செய்வது என்று கேட்டான்.
சிவப்புக் கும்பங்களை மோவாயால் காட்டினேன்.
அவர்களுக்கு யார் சொல்வது?
கோட்டைப் பக்கம் கையை நீட்டினேன்:
"அங்கே கை தூக்குவார்கள்,
இங்கே அதன்படி தீர்ப்பு வரும்."
எவ்வளவு தூரம்?
"நடந்தால் பதினைந்து நிமிஷம்."
எழுந்து போனவன்
சட்டை நனைந்து திரும்பி வந்தான்.
பதினேழு, என்றான். சிக்னலோடு.

கப்பல் ஏலத்தில் போனது, காயலான் கடை விலைக்கு.
ஏழு மாதச் சம்பளம் கைக்கு வந்தது.
மீதி நாலு மாதம்
இன்னமும் எங்கள் கடலில்தான் கிடக்கிறது.

அதன் பிறகு அவன் வாழ்க்கை
வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு.
இலோய்லோவில் இரவு சட்டக் கல்லூரி.
வக்கீல் பரீட்சையில் தோல்வி.
மறுபடியும் தோல்வி.
பிறகு ஒரு கார்டு முழுக்கப் பெரிய எழுத்தில்
ஒரே ஒரு சொல்: பாஸ்.
விரல் போன சமையல்காரன், காது போன ஆயில்மேன்,
இவர்கள்தான் கட்சிக்காரர்கள். பீஸ், பெரும்பாலும் மீன்.
இரவல் ஜீப்பில் மைக் கட்டித் தேர்தலில் நின்றான்,
ஜீப்புக்காரனே ஓட்டுப் போடவில்லையாம்.
அடுத்த முறை ஜெயித்தான்,
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
வக்கீலம்மா தெருவில் நின்று படித்துக் காட்டினார்.
நாங்கள் ஆளுக்கொரு பாதாம் பால் குடித்தோம்.

ரெமிங்டன் எடைக்குப் போய்விட்டது.
இப்போது அதே மாடிப்படிக்குக் கீழே
ஸ்கேனர், பிரிண்டர், பான் கார்டு எடுத்துத் தரப்படும்.
போன மாதம் கார்டு இல்லை, கடிதம்.
மேலே அரசாங்க முத்திரை.
கப்பல் வழக்கில் சிக்கினாலும்
வீட்டுக்கு மாதச் சம்பளம் போய்ச் சேர
மசோதா கொண்டுவருகிறானாம்.
அந்த மனுவின் நகல் வேண்டும்.

கோர்ட்டுக் கட்டு எப்போதோ கழிவில் போயிருந்தது.
வக்கீலம்மா வீட்டுப் பரணில் இருந்தது
கார்பன் நகல், பல்லி முட்டையோடு.
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
நாடாவில் அன்றைக்கு மை குறைவோ,
என் விரலில் அழுத்தம் குறைவோ,
எக்ஸ் வரிசைக்கு அடியில் ஒவ்வோர் எழுத்தும்
முளைத்துக்கொண்டு நிற்கிறது.

"எவ்வளவுப்பா ஆச்சு?" என்றார் வக்கீலம்மா.
பக்கத்துக்கு மூன்று ரூபாய், என்றேன்.

கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்தேன்.
திரையில் கேள்வி வந்தது:
கறைகளை நீக்கவா?
வேண்டாம், என்று அழுத்தினேன்.
எனக்குப் பின்னால் ஒரு வாடகை ஒப்பந்தம்
பொறுமையில்லாமல் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.