ஒரு படி கூட்டி

இரவெல்லாம் மாவு பிசைகிறவளுக்கு
நடக்கக் கிடைப்பது நண்பகல்தான்.
தவீராவில் அந்நேரம் நாய்கூட
ஆரஞ்சு மரத்தடியை விட்டு வராது.
நான் போவேன், உப்பளத்து வரப்புகளில்,
ஒரு தொப்பியும் ஒரு பாட்டில் தண்ணீருமாய்.

சட்டைப்பையில் அடங்குகிற கேமரா ஒன்று வேண்டும்.
அவ்வளவுதான் கேட்டேன் எர்மீனியுவிடம்.
கண்ணாடி மேஜையில் மூன்றைப் பரப்பினார்.
மூன்றும் அழகு.
குழல்விளக்கின் கீழே எந்தத் திரைதான் அழகில்லை?
பச்சை விளக்கு மாட்டிக் கீரை விற்கிறவனை
எனக்குத் தெரியும்.

"வெயிலில் பார்க்க வேண்டும்" என்றேன்.
"சரக்கு வாசலைத் தாண்டாது" என்றார்.
போன மாதம் பார்த்துவிட்டு வருவதாய்ப் போனவன்
இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம்.
பணத்தை முன்னால் தர எனக்கு நம்பிக்கையில்லை,
கேமராவைத் தர அவருக்கு.
இடது காலணியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.
ஒற்றைக்காலில் எவ்வளவு தூரம் ஓடிவிடுவேன்?
அவர் அதைக் கையிலெடுத்து, எடை பார்த்து,
முக்காலிகளுக்கு நடுவே வைத்தார்.

முதலாவது.
தெருக்கல் எங்கள் சூளைத் தரை.
திரையைத் திறந்தால்
என் தொப்பி, என் மூக்கு, மூக்கில் நேற்றைய மாவு.
உப்புக்குவியலைத் தேடினால் நானே அகப்படுகிறேன்.
முகம் பார்க்கக் குளியலறையில் ஒன்று இருக்கிறது,
அது போதும்.

இரண்டாவதன் திரைக்கு வெளிச்சம் ஏற்றலாம் என்றார்.
ஏற்றினேன். தெரிந்தது,
அரிசி கழுவிய தண்ணீருக்குள் தெரிவதுபோல.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
பேட்டரி ஒரு கட்டம் இறங்கியது.

மூன்றாவது, பார்வைக்கு வைத்திருந்தது, மூலையில் கீறல்.
இடது கோடியில் பட்டாணி அளவுக்கு ஒரு ஜன்னல்.
கண்ணை வைத்தேன்.
யாரோ கதவைச் சாத்தியதுபோல்
வெயில் வெளியே நின்றுவிட்டது.
உள்ளே கட்டைவிரல் நகத்தளவில்
பாலம், பாலத்துக்கு அப்பால் வெள்ளைக் கூம்பு,
அதன்மேல் ஏறும் கித்தேரியாவின் சிவப்பு வாளி.
தொப்பி விளிம்பு இடித்தது, பின்னால் தள்ளினேன்.
மூக்கு திரையில் எண்ணெய் பூசியது, இருக்கட்டும்.
சுடுகல்லில் நாரைபோல்
ஒற்றைக்காலில் நின்று எடுத்தேன்.

கடைக்குள் வந்து பார்த்தால்
உப்பு சாம்பல்!
கோபம் வந்துவிட்டது.
எங்கள் ஊர் உப்பு ஈரச் சிமென்ட் நிறமா?

எர்மீனியு அன்று முதல்முறையாகச் சிரித்தார்.
"இவ்வளவு வெள்ளை உலகத்தில் உண்டென்று
இது நம்பாது. ஏதோ தப்பென்று நினைத்து
தானே இருட்டாக்கிக்கொள்ளும்.
நீங்கள்தான் சொல்ல வேண்டும்."
சக்கரத்தை ஒரு படி கூட்டினார்.
இந்த வெயிலுக்கு இன்னும் வெளிச்சமா?

மறுபடி சுடுகல். மறுபடி நாரை.
இந்தமுறை உப்பு உப்பாயிருந்தது.
மாவின் வெண்மைக்குள் மெத்தென்று ஒரு மஞ்சள் உண்டு,
உப்புக்கு அது கிடையாது.
அதற்கு ஓரத்தில் கொஞ்சம் நீலம்.
இருபது வருடமாய் நான் மட்டும் அறிந்ததாய்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீறலைக் காட்டி விலை பேசினேன்.
நடுவே ஒரு டச்சுக்காரர் வந்து
என் காலணியைச் சுட்டி
அது என்ன விலை என்றார்.
சிரித்த சிரிப்பில் எனக்குப் பன்னிரண்டு யூரோ குறைந்தது.

இப்போது இருநூற்றுச் சொச்சம் படங்கள்.
ஜன்னல் காட்டுவதும் பெட்டி பிடிப்பதும் ஒன்றல்ல;
பாதிப் பூநாரைகளுக்குத் தலை இல்லை.
சக்கரத்தின் பற்களில் மாவு இறங்கி
திருப்பும்போதெல்லாம் நறநறக்கிறது.

அழிக்காமல் வைத்திருப்பது ஒன்று:
கால் சுட்டுத் துள்ளியதில் தானாய் அமுங்கியது.
தெருக்கல், என் வெறுங்கால்,
குதிகாலடியில் சுருண்டுகிடக்கும் நிழல்,
மேல்பாதி முழுக்க வெள்ளை.
சுவரா வானமா என்று கேட்டாள் கித்தேரியா.
எடுத்தவளுக்கே தெரியவில்லை என்றேன்.