தோராயமாக

தொண்டி நண்டுக் கம்பெனியில்
பதினோரு வருஷமாக எடை போடுகிறேன்.
கையில் எடுத்தாலே சொல்லிவிடுவேன்
இது நூற்றி முப்பது, இது தொண்ணூறு,
இது சினை, கடலுக்கே போகட்டும்.
கூடையைக் கழிக்காமல்
ஒரு சீட்டும் எழுதியதில்லை.
தண்ணீர் வடிகிற வரைக்கும் காத்திருப்பேன்,
என் காரங்காட்டு ஆட்களே
முணுமுணுத்தாலும்.

என்னைப் போட்ட தராசு
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தது.
எழுபத்தொன்பது.
செருப்போடு ஏறிட்டேன் என்றேன்.
டாக்டரம்மா செருப்பைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
மூடின கை அளவு சோறு,
உள்ளங்கை அளவு மீன்.
விரலைச் சேர்க்காதீங்க.
தின்னதை எல்லாம் நோட்டில் எழுதுங்க.

மறுநாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரம்,
பாலித்தீன் விரித்து
தூக்குச்சட்டியைத் தராசில் கவிழ்த்தேன்.
அறுநூற்று நாற்பது.
நண்டாக இருந்தால் ஊரே பார்க்க வரும்.
கடற்காற்றில் எண் ஆடுகிறதோ என்று
கதவைச் சாத்திவிட்டு மறுபடி போட்டேன்.
அறுநூற்று நாற்பத்திரண்டு.

எடையில் ஏமாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.
தட்டின் விளிம்பில்
கட்டைவிரலை வைப்பார்கள், பேச்சுக் கொடுப்பார்கள்.
என் கட்டைவிரல் இத்தனை நாளும்
கரண்டியில் இருந்திருக்கிறது.

சின்னத் தட்டு வாங்கினேன்.
முதல் நாலு நாள் வயிறு சண்டை போட்டது.
செங்கோல் கேட்டார்,
தவக்காலம் போன மாசமே முடிஞ்சிருச்சே?
ஆறாவது வாரம்
தட்டு சின்னது என்பதே மறந்துபோனது.

அப்புறம்தான் ஜெமிலத்து மகள் கல்யாணம்.
கம்பெனியில் என் பக்கத்தில் நின்று
ஓடு உடைப்பவள், போகாமல் இருக்க முடியாது.
நாலு பெண்களுக்கு ஒரு சகன்.
நடுவில் நெய்ச்சோறு குவிந்து,
அதன் தலையில் கறி.
இதில் என் கை அளவு எங்கே?
கண்ணாலேயே நாலாக வகுந்தேன்.
என் கால் பங்கின் ஓரம்
சரிந்தபடியே இருந்தது.

எதிரே மாசமாக இருந்தவள்
வாடை ஆகவில்லை என்று
தன் கறித்துண்டை என் பக்கம் தள்ளினாள்.
நான் இடப்பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தள்ளினேன்.
அது சிரித்துக்கொண்டே வலப்பக்கம் தள்ள,
ஒரு சுற்றுச் சுற்றி
துண்டு என் முன்னாலேயே வந்து நின்றது.
தின்றேன்.

நாலு பேரும் எழுந்தபோது
சகனில் ஒரு கைப்பிடி மிச்சம்.
யார் விட்டது என்று
எந்தத் தராசில் போடுவது?

ராத்திரி நோட்டை எடுத்தேன்.
ஞாயிறு. கல்யாணம். கால் சகன்,
தோராயமாக.

இதுவரை எழுதின வார்த்தை இல்லை அது.
பிழை ஏதும் இருக்கிறதா என்று
இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.