அரை மில்லிமீட்டர்

ஓல்டன். சனிக்கிழமை. பள்ளிக்கூட நிலவறை.
வெரேனாவின் மலை
என் மேசை ஓரத்தில் முடியவேண்டும்.
என் காட்டின் தண்டவாளம்
அவள் சுரங்கத்துக்குள் நுழையவேண்டும்.

குடித்த தேயிலையைக் காயவைத்துத்தான்
காட்டுக்குத் தரை போட்டேன்.
முகர்ந்து பார்த்தாள்: "ஏலக்காயா?"
"செவ்வாய்க்கிழமைத் தேநீர்" என்றேன்.
பாதிப் போத்தல் கேட்டு வாங்கித்
தன் சரிவெங்கும் தூவினாள்.
பதிலுக்குத் தந்தாள்,
செம்புக்கம்பியில் முறுக்கிய
பதினொரு ஊசியிலை மரங்கள்.
ஒன்று சாய்ந்தே நிற்கிறது. புயலாம்.

எட்டு மணிக்கு முதல் ரயில்.
மேசைகள் சந்திக்கும் இடத்தில்
கவிழ்ந்தது.
அவள் பக்கம் உயரம் என்றேன்.
என் பக்கம் பள்ளம் என்றாள்.
காபி ஆறும்வரை வாதாடினோம்.

பிறகு சட்டைப்பையில் கிடந்த
பேருந்துச் சீட்டை நாலாய் மடித்து
என் மேசைக்காலுக்கு அடியில் செருகினேன்.

இப்போது போகிறது.
இரண்டாவது பெட்டியின் ஜன்னலோரப் பயணிக்கு
தொப்பியில் மட்டும்
வர்ணம் இன்னும் காயவில்லை.