ஞாயிற்றுக்கிழமையின் பங்கு

திங்கள், புதன், வெள்ளி எங்களுடையவை.
லியெபாயா மருத்துவமனை, இரண்டாம் தளம்,
நான்கு நாற்காலி, நான்கு இயந்திரம்.
நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்க்
குளித்துவிட்டு வரும்.
அதுவரை ஜன்னல்.

ஜன்னலில் ஒரு லிண்டன் மரம்,
இலை முக்கால்வாசி கொட்டியது.
அதில் ஒரு செந்நிற அணில்.
காது நுனியில் குஞ்சம்.
முதுகில் யார் விரலும் தடவிய தடமில்லை;
எவருக்கும் பாலம் கட்ட மண் சுமக்காதது,
தனக்கு மட்டும் கட்டுகிறது.

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவள் நான்.
பாரம் தூக்குகிறவர்களைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.
"நடுவில் பிடித்திருக்கிறாய்,
கவட்டைக்குள் நுழையாது பார்" என்றேன்.
நுழையவில்லை.
குச்சியின் நடுவை விட்டு நுனியைக் கவ்வி
இழுத்துக்கொண்டு போனது.
"உன்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டது" என்றார் தாலிவால்திஸ்,
மூன்றாம் நாற்காலி, பேருந்து ஓட்டியவர்,
கண்ணைத் திறக்காமலே.

திங்களன்று ஒரு கைப்பிடிக் குச்சி.
புதனன்று ஒரு தொப்பி.
நடுவில் நடந்ததை யாரிடம் கேட்பது?
செவ்வாய், வியாழன், சனி
இதே நாற்காலிகளில் வேறு நால்வர்.
முகம் தெரியாது. பள்ளம் தெரியும்:
முதல் நாற்காலிக்காரர் கனமானவர்,
என்னுடையதில் இருப்பவர் இடப்பக்கம் சாய்கிறவர்.

ஸ்கைத்ரீதே தான் முதலில் எழுதினாள்,
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்.
ஹீட்டருக்குப் பின்னால் செருகினாள்:
"பாசி வைத்தாயிற்றா?"

வெள்ளியன்று பதில் இருந்தது.
"நேற்றுப் பத்தரைக்கு. பதினாறு வாய்.
எண்ணியவர் வில்னிஸ், கணக்கர், தப்பு வராது.
உங்கள் முறையில் மரப்பட்டை உரிக்கிறதா?
எங்களிடம் உரிப்பதில்லை."

உரிக்கிறது என்று எழுதினோம்.
நாங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி
ஒரு பெருமை.

அவர்களுக்கு அது ஆண், பெயர் கேப்டன்.
எங்களுக்கு மில்தா.
இதில் இரண்டு வாரம் சீட்டுகள் சூடாகப் போய்வந்தன.
எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

லியெபாயாவில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
ஒரு புதன்கிழமை,
தொப்பியின் பாதி தரையில் கிடந்தது.
மில்தா இறங்கினாள்.
விழுந்ததையே ஒவ்வொன்றாய் முகர்ந்து,
சிலவற்றை வேண்டாமென்று விட்டு,
ஒன்றைக் கவ்வி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.
அன்று யாரும் தொலைக்காட்சி கேட்கவில்லை.
தாலிவால்திஸ் கண்ணைத் திறந்திருந்தார்.
"அழுத்தம் ஏறுகிறதே, என்ன ஆயிற்று?" என்றாள் நர்ஸ்.
"கட்டுமானம்" என்றேன்.

ஞாயிறு மட்டும் யாருக்கும் இல்லை.
இயந்திரங்கள் அணைந்திருக்கும்,
தரை துடைத்திருக்கும்,
திரை இழுத்திருப்பார்களோ என்னவோ.

இந்தத் திங்கள் வந்து பார்த்தால்
கூட்டின் வாசல் சிறுத்திருக்கிறது.
விளிம்பில் ஒரு முழம்
நீலக் கம்பளி நூல்.

மறுமுறைக்காரர்களைக் கேட்டு எழுதினோம்.
புதனன்று அவர்கள் சீட்டு:
"உங்களைக் கேட்கலாமென்றிருந்தோம்."

காற்றில் நூல் மேலும் கீழும் ஆடுகிறது.
எந்த வேலியில் சிக்கிய கையுறையோ,
எந்தக் குழந்தையின் தொப்பிக் குஞ்சமோ.
ஸ்கைத்ரீதே தன் ஸ்வெட்டரின் கைகளை,
ஊசி குத்தாத பக்கத்தை முதலில்,
திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

அது பச்சை.