நாற்பது மணிப் புதன்

டெ புகேயில் ஒரு கிவிப்பழத் தோட்டத்துக்குச்
சம்பளக் கணக்கு எழுதுகிறவள் நான்.
நாளுக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் மணி.
காலத்தைப் பற்றி அதற்குமேல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை,
அமாரோ வென்சூலின் விடுப்புத் தாள் வரும்வரை.

நவம்பர். கொடியெல்லாம் பூ.
புதன் காலை ஆறிலிருந்து பதினொன்றுவரை
ஆண்பூவின் தூளைப் பெண்பூக்களுக்கு ஊதியிருக்கிறான்.
அட்டையில் முத்திரை இருக்கிறது.
மாலை ஆறுக்கு ஆக்லாந்தில் விமானம்.
அதற்குச் சீட்டு இருக்கிறது.
அதே புதன், மாலை நாலு நாற்பதுக்கு
சாந்தியாகோ ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்
பெண் குழந்தை. உடனிருந்தவர்: தந்தை.
கையெழுத்தும் அவனுடையதுதான்.
அந்த இழுத்துவிட்ட வாலை மாதாமாதம் பார்க்கிறேனே.

தலைமை அலுவலகத்திலிருந்து மெக்லீஷ் கூப்பிட்டார்.
"ஏறுவதற்கு முன்னாலேயே இறங்கியிருக்கிறான், மெரேனியா.
இதில் எது பொய்?"

குளிர்கிடங்கிலிருந்து ஒரு பழம் எடுத்துவந்தேன்.
குண்டூசி இரண்டு, தையல் நூல் அரை முழம்.
இது நாம். இது அவர்கள்.
இழுத்துப் பிடித்தால் நூல்
பழத்தின் இடுப்போடு போகமாட்டேன் என்கிறது;
காம்புப் பக்கம் வழுக்கி
பனிக்கண்டத்தை எட்டிப் பார்க்கிறது.
வளைந்ததுதான் குறுக்குவழி.
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
போகப் பதினோரு மணி, காற்று முதுகில்.
வரப் பன்னிரண்டே முக்கால், காற்று முகத்தில்.
நடுக்கடலில் யாரோ கிழித்த கோட்டைத் தாண்டினால்
வியாழன் மறுபடி புதன்.

தொலைபேசியில் பழம் தெரியாது.
மெக்லீஷ் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார்.
"சரி, நாளைக் கடன் வாங்கியிருக்கிறான்.
திருப்பினானா?"

திருப்பினான்.
சனி இரவு பதினொன்றுக்கு அங்கே கிளம்பி
திங்கள் விடியுமுன் இங்கே இறங்கி
பத்து மணிக்குக் கொடிக்கடியில் நின்றான்.
ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர் மண்ணிலும் அவன் கால் படவில்லை.
புதனுக்கு நாற்பது மணி,
ஞாயிற்றுக்கு எட்டு, அந்த எட்டும் ஆகாயத்தில்.
கூட்டி இரண்டால் வகுத்தேன்.
இருபத்துநாலு.
ஒரு சதம் பிசகவில்லை.

தாளை நீட்டினேன். படித்தான்.
கழுத்தில் இன்னும் மகரந்தப் பொடி.
"கணக்கு சரி," என்றான்.
"நான் இருந்த நாளெல்லாம்
வீங்கிய கண்ணை மூடியே கிடந்தாள்.
யஸ்னா சொல்கிறாள்,
ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தாளாம்.
சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம்."

அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.
விடுமுறை என்றும் போட வரவில்லை,
வராதவன் என்றும்.
குண்டூசிகளைப் பிடுங்கிவிட்டு
நூல் பதிந்த பழத்தை அவனே பிட்டு
பாதியை என்னிடம் நீட்டினான்.
புளிப்பு.