வியாழனுக்கு என் நட்டுகள்

ஜெஸ்கஸ்கானுக்கு அப்பால், புல்வெளிப் பள்ளியில்
கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் நான்.
மாரால் டீச்சர் வந்து கேட்டாள்:
"ஒரு கிலோ இரும்பு நட்டு கிடைக்குமா?
வியாழனுக்கு வேண்டும்."

வியாழன் கரி லாரி வரும் நாள்.
என்ன விசேஷமோ என்று
வாளியோடு கொடுத்துவிட்டேன்.

பிறகு, குழாய் சுடுகிறதா எனத் தொட்டுப் பார்க்கும் சாக்கில்
வகுப்புக்குள் நுழைந்தேன்.
மேசையில் கெட்டிப்பால் டப்பாக்கள்,
எல்லாம் ஒரே நீல லேபிள்.
ஒன்றில்தான் பால். அது பூமி.
நிலாவில் ஒரு கரண்டி மணல்,
செவ்வாயில் இன்னும் கொஞ்சம்.
வியாழனில் என் நட்டுகள்,
மூடி பிதுங்கிச் சணலால் கட்டியிருந்தது.

நிலாவைத் தூக்கிய ஜங்கெல்தியின் கை
நினைத்ததைவிட மேலே போய்
விளக்கில் இடித்தது.
வியாழனைத் தூக்கிய பொதாகோஸ்
"இது பொய் டப்பா" என்றாள்.

"நிலாவுக்குக் கொண்டுபோனால் பால் வற்றிவிடுமா?"
"ஒரு சொட்டும் குறையாது.
தரை இழுக்கிற இழுப்புதான் குறையும்."

"இவருடைய கரி வாளி?"
எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
"ஆறு வாளியை ஒரு வாளிபோலத் தூக்கலாம்.
ஆனால் அங்கே காற்றில்லை, தீ பிடிக்காது."
என் வேலை போயிற்று.

போன அக்டோபரில், பாராசூட்டில் வந்திறங்கிய கலத்திலிருந்து
ஒரு பெரிய மனிதரை
நாற்காலியோடு நாலு பேர் தூக்கிப்போனதை
இந்தப் பிள்ளைகள் பார்த்தவர்கள்.
பொதாகோஸ் டப்பாவைக் கீழே வைக்காமல் சொன்னாள்:
"அன்றைக்கு அவருக்குப் பூமியே இப்படி இருந்திருக்கும்."

"சூரியன் எங்கே?" என்றான் ஜங்கெல்தி.
மாரால் கரும்பலகையில் பெருக்கிப் பார்த்தாள்.
பதிமூன்று கிலோ.
தங்கத்தை உருக்கி நிறைத்தாலும் பாதிதான் வரும்.
அவள் சிரித்துவிட்டு
ஒரு காலி டப்பாவை ஜன்னலில் வைத்தாள்.
இப்போது அதில் பென்சில்கள்.

மறுநாள் காலை பூமி இலேசாகிவிட்டது.
மேசையெல்லாம் ரொட்டித் துகள்.
வழித்துத் தின்ற டப்பாவைத் தராசில் வைத்தால்
கிட்டத்தட்ட நிலா.
யார் என்று மாரால் கேட்கவில்லை,
எடையை மட்டும் எழுதச் சொன்னாள்.

நட்டுகள் திரும்பி வந்தன.
எண்ணினேன், ஒன்று குறைந்தது.
உலைக்கதவு இரண்டு நாளாக ஆடுகிறது.
ஜங்கெல்தியின் கோட்டுப் பை
இடதுபக்கம் மட்டும்
கீழே இழுத்துக்கொண்டு தொங்குகிறது.