கீழக்கரையில் ஒற்றைச் செருப்பு

பேருந்தை விட்டு இறங்கிய மூன்றாம் நிமிடம்
வலது வார் அறுந்தது.
வந்தது ஒரே ஒரு கையெழுத்துக்கு;
போடவேண்டிய கலந்தர் மரைக்காயர்
தூங்குகிறாராம், நாலு மணிக்குத்தான் எழுவாராம்.

சேதுக்காளையின் இடத்தைக் காட்டினார்கள்:
ஒரு கோணி, ஒரு கருங்குடை,
கல் வைத்து அழுத்திய தோல்துண்டு. ஆள் இல்லை.
"இப்பத்தான் எந்திரிச்சுப் போனாரு, வந்துருவாரு"
என்றார் தொதல் கடைக்காரர், தலை தூக்காமலே.
தட்டில் தாராய் மின்னும் கருப்பு. அதன்மேல் ஒரு கத்தி.

கோணி ஓரம் உட்கார்ந்தேன்.
இந்த உயரத்தில் ஊர் வேறு.
பத்துக் குடங்களோடு தண்ணீர் வண்டி
சந்து முனையில் திரும்புகையில்
தள்ளுகிறவன் வயிற்றை எக்குகிறான்,
வண்டியும் கூடவே ஒல்லியாகும் என்பதுபோல.
ஆகாத வண்டிகள் சுவரில் கோடு போட்டுப் போயிருக்கின்றன.
சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பவளக்கல்;
துளைதோறும் நின்று
விலாசம் விசாரிக்கிறது ஓர் எறும்பு.

மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்குகிறது.
உள்ளே இருபது ரூபாயும் பேசிக்கொண்டிருக்கும் கைப்பேசியும்:
"காக்கா, புதினா. போன தடவை வாடிக் கெடந்துச்சு."
ஏறும்போது பாதியில் நின்று
கூடை ஒரு சுற்றுச் சுற்றியது.
என்னைப் பார்க்கத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

"ஒத்தச் செருப்பா?"
கையில் பட்டத்து நூலோடு ஒரு பையன்.
ஓடினான். ஒரு ஜோடியோடு வந்தான்.
"மச்சானோடது. அவுக சார்ஜாவுல இருக்காக,
வர ரெண்டு வருசம் ஆகும்.
அதுக்குள்ள குடுத்துருங்க."

ஒரு அளவு பெரிது. குதிகாலில் டப்டப் என்று அடித்தது.
அதன்பின் தெருவில்
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பாதி திறந்த ஒரு கதவுக்குள்ளிருந்து
"றபீக்கு வந்துட்டானா?" என்றது ஒரு குரல்,
சத்தத்தை மட்டும் கேட்டு.
இல்லை என்று சொல்ல
எனக்கு ஏனோ கொஞ்சம் நேரமாயிற்று.

கையெழுத்து கிடைத்தது, பேனா கசிந்து
ஒரு நீலப் பொட்டோடு.
திரும்பினால் சேதுக்காளை
எதுவும் நடக்காததுபோல் தைத்துக்கொண்டிருந்தார்.
பத்து ரூபாய்.
மச்சானுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.
தூசி தட்டி, குடை நிழலுக்குள் நகர்த்தி வைத்தார்,
வாசல் பார்க்க அல்ல, சுவர் பார்க்க.

ராமநாதபுரம் பேருந்தில்
என் செருப்பு எனக்குக்
கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.